பயன் கருதா உழைப்பு

ஒருவர் தமக்கோ பிறர்க்கோ எவ்விதப் பயனும் தாராத ஒரு செயலில் தம் நேரத்தையும் உழைப்பையும் செலவிடுவாராயின், அது குற்றமாகுமா? இவ்வினாவை எழுப்பினால் நம்மவருள் பெரும்பாலோர் இருவகையாக விடை கூறுவர். பொழுது விலைமதிப்பற்றது, அதனை வீணடித்தல் பொருளை வீணடித்தலினும் பெருங்குற்றம் என்பர் ஒரு சாரார். மனிதன் எந்திரம் அல்லன். உழைத்துக் களைத்தவனுக்கு விளையாட்டும் வேண்டும். அதில் குற்றம் காண்பது மிகை என்பர் மற்றொரு சாரார். நாம் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியபோது மாணவர்க்கு முதல் விடையையே சொல்லி வந்தோம். விடுமுறை நாள்களில் நமக்கு நாமே இரண்டாம் விடையைச் சொல்லிக்கொண்டோம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி எண்ணிப் பார்க்கும் தேவை பணி ஓய்வு பெற்ற பின்னரே நேர்ந்தது. அதற்குக் காரணமாக அமைந்தவை, மரச்சிம்பும் தாளும் கொண்டு செய்யப்படும் மாதிரி விமானங்கள்.

அன்பர்கள் நகைத்தல் கூடும். அறுபதைத் தொட்டவர் காகித விமானம் செய்வதாவது என்று நம் இல்லத்தாரும் நகைத்தனர். எனினும் நாம் ஓராண்டுக் காலம் அதனைச் செய்தோம். அவ்வாண்டில் ஏழு விமானங்கள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் சென்றது. அவற்றுள் இரண்டு முதல் நாளிலேயே தரையில் மோதிச் சிதைந்தன. ஒன்று கண்காணாமற் போயிற்று. மற்றொன்று இன்னும் முடிக்கப்படவில்லை. வருவாய் எதுவும் இல்லை. யாருக்கும் அதனால் ஒரு பிடி உணவு கிடைத்ததில்லை. ஆகவே, மேற்கண்ட வினாவுக்கு விடை தேடும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு என்று கருதுகிறோம்.

சிம்பும் தாளும்

மாதிரி விமானங்களில் பலவகை உண்டு. தரையில் நின்றபடி வானொலி அலைகளால் இயக்கப்படுவன இன்று பெருகியுள்ளன. அமெரிக்காவைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937-ஆம் ஆண்டிலேயே அத்தகைய ஒன்றைப் பறக்கவிட்டனர். நாம் எடுத்துக்கொண்டது அதனினும் பழைய வகை. முறுக்கிய ரப்பர் இழையே அதன் விசை. கையை விட்டு அகன்ற பின் அதனை ஏவவோ திருப்பவோ தடுக்கவோ செய்தவனால் இயலாது. கட்டுப்பாடற்ற பறப்பு என்று இத்துறையினர் இதனைக் கூறுவர்.

இதற்குரிய மரம் பால்சா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளில் வளர்வது; உலகச் சந்தைக்கு மிகுதியாக வருவது எக்குவடோர் நாட்டிலிருந்து. பால்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பதே பொருள். 1947-ஆம் ஆண்டு நார்வே நாட்டறிஞர் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பாலினீசியத் தீவுகள்வரை 101 நாள் கடலில் மிதந்து சென்ற 'கோன்டிக்கி' என்னும் தெப்பம் இம்மரத்தால் ஆனதே. நகத்தால் அழுத்தினாலே வடு விழும் இம்மென்மரம், தன் எடைக்கு வியக்கத்தக்க வலிமை உடையது. இதனைச் சவர அலகால் தீக்குச்சி போன்ற சிம்புகளாகக் கீறி, வரைபடத்தின்மேல் ஊசி குத்தி நிறுத்தி, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சட்டம் அமைத்தல் வேண்டும். அதன்மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, நீர் தெளித்து உலரவிட்டால் தாள் முரசின் தோல் போல் இறுகும். அவ்வேளையில் சிறகைப் பலகையோடு பிணைத்து வைக்காவிடின் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சிறகு எவ்வளவு அழகாயினும் நேராகப் பறவாது.

எடையே இக்கலையின் பெரும்பகை. நாம் செய்த மூன்றாவது விமானம், சிறகின் நீளம் 60 சென்டிமீட்டர், ரப்பர் நீங்கலாக எடை 30 கிராம். அதனை நிறுக்க நம் தெருக்கோடியிலுள்ள பொற்கொல்லரின் தராசையே நாடினோம். ஒரு கிராம் பசை மிகுந்தால் பறப்பில் சில நொடிகள் குறையும். அரங்குகளுக்குள் பறக்கவிடுவோர் இதனினும் நுட்பமாகச் செல்வர். அவர்தம் உலகப் போட்டிக்குரிய விமானத்தின் எடை ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. அது ஒரே முறுக்கில் அரை மணி நேரத்துக்கும் மேலாகச் சுழன்று பறந்திருக்கிறது. ருமேனியாவில் சுலானிக் என்னுமிடத்துக் கைவிடப்பட்ட உப்புச் சுரங்கத்துக்குள் இப்போட்டிகள் நடந்துள்ளன. அங்கே காற்று அசைவதில்லை. ஒருவர் விரைந்து நடந்தாலே எழும் அசைவு விமானத்தைப் புரட்டிவிடும் என்பதால் எல்லாரும் மெல்ல நடப்பர்.

இவ்வளவு நுட்பமும் எதற்காக என்று கேட்டால், பறப்பதற்காக என்பதன்றி வேறு விடையில்லை. நாற்பது மணி நேர உழைப்பு. முப்பது நொடிப் பறப்பு. இக்கணக்கை ஒரு வணிகரிடம் காட்டினால் கணக்கேட்டை மூடிவிடுவார்.

வழக்கமான சமாதானங்கள்

இத்தகைய உழைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் சில உண்டு. அவற்றுள் முதலாவது, இன்றைய விளையாட்டே நாளைய அறிவியல் என்பது. இதற்கு நல்ல சான்றும் காட்டுவர். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள், பாரிசு நகரத்துத் துய்லரி பூங்காவில் அல்போன்சு பெனோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர், 45 சென்டிமீட்டர்ச் சிறகும் 16 கிராம் எடையும் கொண்ட ஒரு சிறு விமானத்தை முறுக்கிய ரப்பர் விசையால் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் சென்றது. அவரே அதற்கு முந்திய ஆண்டில் நேர்மேலே எழும் பொம்மை ஒன்றையும் அமைத்திருந்தார். அவ்வகைப் பொம்மை ஒன்றை 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தந்தை தம் சிறுவர் இருவர்க்கு வாங்கி வந்தார். தாளும் மூங்கிலும் தக்கையும் ரப்பரும் கொண்ட அப்பொம்மை உடையும்வரை அச்சிறுவர்கள் விளையாடினர். உடைந்த பின் தாமே அதுபோல் செய்தனர். மூத்தவர் பதினொரு வயது வில்பர் ரைட். இளையவர் ஏழு வயது ஆர்வில் ரைட். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஆர்வில் முதன்முதல் பறந்தது 12 நொடி. சென்ற தொலைவு 120 அடி, அதாவது 37 மீட்டருக்குச் சற்றே குறைவு. மனிதனைச் சுமந்த அந்த முதற் பறப்பும், பெனோவின் பொம்மை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பறந்ததும் ஏறத்தாழ ஒரே அளவின.

கேட்க இனிமையான வரலாறுதான். ஆயின் இது நம் வினாவுக்கு விடையாகாது. ரைட் சகோதரர் கையில் கிடைத்தது போன்ற பொம்மைகள் எத்தனையோ சிறுவர் கைகளில் கிடைத்தன. அவர்கள் எல்லாரும் விமானம் சமைக்கவில்லை. அவர்கள் விளையாட்டெல்லாம் வீண் என்றும், இவ்விருவர் விளையாட்டு மட்டும் நன்று என்றும் கூறுவோமா? அங்ஙனம் கூறின், ஒரு செயலின் நன்மை தீமையை முப்பது ஆண்டுகள் கழித்தே அறிய முடியும் என்றாகிவிடும். மேலும், அறுபது வயதில் சிம்பு கீறும் நாம் நாளை எதனைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? பெனோவின் வாழ்வையே பாருங்கள். மனிதரைச் சுமக்கும் விமானத்துக்கு 1876-ஆம் ஆண்டிலேயே திட்டம் வரைந்து உரிமம் பெற்றார். அதனைச் செய்து பார்க்கப் பொருளுதவி கிடைக்கவில்லை. 1880-ஆம் ஆண்டு, முப்பது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் உழைப்பு பயன்பட்டதை அவர் கண்டாரில்லை. அப்படியாயின் துய்லரி பூங்காவின் அந்தப் பதினொரு நொடிகள் அவரளவில் வீணா? நமக்கு அங்ஙனம் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது வாதம், இத்தகைய கைவேலை பொறுமையைக் கற்பிக்கும் என்பது. இதனை நாமும் நம்பியிருந்தோம். ஒருநாள் சிறகின் விலா எலும்பு ஒன்றை மூன்றாம் முறையாகச் சீர்செய்துகொண்டிருந்தோம். அப்போது உணவுக்கு அழைத்த இல்லத்தாரிடம் கடுஞ்சொல் கூறினோம். "மரத்தோடு இருக்கிற பொறுமை மனுசரோடு இல்லையே" என்று அவர் சொன்னார். அது முற்றிலும் உண்மை. பால்சாவுக்குக் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட அவ்வாண்டில் நாம் வீட்டாருக்குக் காட்டவில்லை. பொறுமை என்பது ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தானே வடியும் நீரன்று.

மூன்றாவது, மனத்துக்கு ஓய்வு என்பது. ஓய்வு வேண்டுவோர் திண்ணையில் அமர்ந்து கடற்காற்று வாங்கலாம். உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு, கண் எரிய, விரலில் அலகு வெட்ட, நள்ளிரவுவரை செய்யும் வேலைக்கு ஓய்வு என்று பெயரிடுதல் சொல்லைத் திரித்தலாகும்.

காற்று கற்பித்தது

பின் எதற்காகச் செய்தோம்? இதனை எண்ணிப் பார்த்தபோது ஒன்று புலனாயிற்று. முப்பத்துநான்கு ஆண்டுகள் நாம் சொன்னதை மாணவர்கள் தலையசைத்துக் கேட்டனர். நாம் பிழையாகச் சொன்னவற்றையும் அவ்வாறே கேட்டிருப்பர். காற்று தலையசைப்பதில்லை.

விமானத்தை முதலில் முறுக்கின்றி, முழங்காலிட்டு, புல்தரையின்மேல் மெல்ல நழுவவிட்டுச் சோதித்தல் வேண்டும். மூக்கு மேலெழுந்து, ஒரு கணம் நின்று, பின் தலைகுப்புற வீழ்ந்தால் பின்புறம் கனம் மிகுதி. நேரே தரையை நோக்கிப் பாய்ந்தால் முன்புறம் கனம் மிகுதி. முதலிரண்டு விமானங்கள் வீழ்ந்தபோது நாம் காற்றைக் குறைகூறினோம், ரப்பரைக் குறைகூறினோம், அஞ்சலில் பால்சா அனுப்பிய கடைக்காரரையும் குறைகூறினோம். பலகைமேல் வைத்துப் பார்த்தபோது இடச்சிறகு முறுகியிருந்தது. அதனை ஒட்டியவர் நாமே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்க என்பது இக்கலையின் முதல் விதி. மூக்கில் கடுகளவு களிமண் சேர்த்தால், அன்று வேறு எதனையும் தொடலாகாது. இரண்டை ஒருங்கே மாற்றியவனுக்கு எது குற்றம், எது குணம் என்பது ஒருபோதும் விளங்காது. தன் பிழையைப் பிறர்மேல் ஏற்றாமல் இருக்குமிடத்திலேயே தேடிக் காணும் பழக்கம் எளிதன்று. அறுபது வயதில் அதனை ஒரு தாள் விமானம் நமக்குக் கற்பித்தது. ஆகவே இவ்வுழைப்புக்குப் பயனே இல்லை என்று நாம் முதலில் கூறியதைச் சற்றுத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். மெய்யை மெய்யென்று அறிதலே ஒரு நன்மை; அது வேறொரு பயனைச் சுமந்து வந்து தன்னை நிலைநாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

வாலின் வரலாறு

இங்கே இன்னொன்றும் கூறுதல் தகும். ஒன்பதாம் நூற்றாண்டில் கொர்தோபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைப் போர்த்திக்கொண்டு பறக்க முயன்றதைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அல்-மக்கரீ எழுதி வைத்துள்ளார். அவர் சிறிது தொலைவு பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவைகள் இறங்குகையில் வாலைக் கொண்டே இறங்குகின்றன என்பதைக் கருதாமல் வால் அமைக்கத் தவறியதே காரணம் என்றும் அக்குறிப்புச் சொல்கிறது. பெனோவின் பெருமையும் வாலில்தான் இருக்கிறது. சிறகுக்குப் பின்னால், அதனினும் சற்றுத் தாழ்ந்த கோணத்தில், ஒரு சிறு கிடைத்தகட்டை அவர் வைத்தார். விமானம் மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் காற்று வாலைக் கீழே அழுத்தும். மூக்குத் தானே நிமிரும். சிறகின் நுனிகளையும் மேல்நோக்கி வளைத்துவைத்தார். அதனால் ஒருபக்கம் சாய்ந்தாலும் மீளும். ஆக, செலுத்துவோர் எவரும் இன்றியே தன்னைத் தான் திருத்திக்கொள்ளும் பொருள் ஒன்று வானில் எழுந்தது.

ரைட் சகோதரர் வேறு வழியைத் தேர்ந்தனர். அவர்கள் மிதிவண்டி செய்பவர்கள். மிதிவண்டி தானே நில்லாது; ஓட்டுபவன் கணந்தோறும் திருத்துவதாலேயே நிற்கிறது. 1903-ஆம் ஆண்டின் அவர்தம் விமானமும் அத்தகையதே. கையை எடுத்தால் தாறுமாறாகிவிடும். விழிப்போடு செலுத்துபவன் இருக்கும்வரை பறக்கும்.

இவ்விரண்டும் மனிதருக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. சிலர் கணந்தோறும் யாரேனும் பார்த்துக்கொண்டிருப்பதால் நல்லவராக இருக்கின்றனர். அலுவலகத்து மணி, மேலதிகாரியின் கண், ஊராரின் பேச்சு ஆகியவையே அவர்களைச் செலுத்துகின்றன. வேறு சிலர், விட்டுவிட்டாலும் நேரே செல்லும்படி அமைந்திருக்கின்றனர். நாம் எவ்வகையினர் என்பதைப் பணிக்காலத்தில் அறிதல் அரிது. எவரும் எதுவும் கேளாத ஓய்வுப் பொழுதில்தான் அது வெளிப்படும். நம் சோதனை அவ்வாண்டின் ஏழாம் மாதத்தில் வந்தது.

இரண்டு நாள்

நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். ஊரார் எல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைப்போம். சிறுவயதில் நமக்குப் பட்டம் கட்டக் கற்றுத் தந்தவர் அவரே. மூங்கிலைச் சீவி, விரல்மேல் நிறுத்தி, இருபுறமும் ஒத்த கனமா என்று பார்க்க வேண்டும் என்பதை அவரிடமே கற்றோம். அறுபது வயதில் பால்சாச் சிம்பை அவ்வாறே விரல்மேல் வைத்துப் பார்த்தபோதெல்லாம் அவரை நினைத்தோம். அவர் சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். ஒருநாள் பிற்பகல் அவருடைய மகன் நம் வாயிலில் வந்து நின்றார். "சாச்சா, வாப்பா உங்களைப் பார்க்கணுங்கிறாங்க. அந்திக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றார்.

அப்போது நாம் நான்காவது விமானத்தின் சிறகுக்குத் தாள் போர்த்திக்கொண்டிருந்தோம். ஒருபுறம் முடிந்திருந்தது, மறுபுறம் முடியவில்லை. அன்று மாலைக்குள் நீர் தெளித்துப் பிணைக்காவிடின் சிறகு முறுகிவிடும். மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் வைகறையில் இலை அசையவில்லை. அத்தகைய அமைதி எம் கடலோர ஊரில் அம்மாதத்தில் அரிது. ஊருக்கு வெளியே உப்பளத்தை ஒட்டிய வெறுநிலத்துக்குச் சென்றோம். ரப்பர் இழைக்கு விளக்கெண்ணெய் தடவி, நான்கு மடங்கு நீட்டி, முறுக்கி, விட்டோம். விமானம் வலப்புறமாக வட்டமிட்டு ஏறிற்று. விசை தீர்ந்ததும் அசைவின்றி மிதந்து இறங்கிற்று. ஐம்பத்திரண்டு நொடி. அதுவரை நாம் செய்தவற்றுள் எதுவும் அவ்வளவு பறந்ததில்லை. மீண்டும் மீண்டும் விட்டோம். வெயில் ஏறிய பின் வீடு திரும்பிக் களைப்பில் உறங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை காக்காவின் வீட்டுக்குச் சென்றபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. நம்மை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பற்றினார். உதடு அசைந்தது; ஓசை வரவில்லை. நான்காம் நாள் இரவு அவர் மறைந்தார். அவர் நம்மிடம் சொல்ல எண்ணியது என்ன என்பதை அவருடைய வீட்டாரும் அறியார். அடக்கத்துக்குச் சென்று திரும்பிய வழியில் அவருடைய மகன் நம்மை ஒரு சொல்லும் குறைகூறவில்லை.

எது குற்றம்?

அதன் பின் சில வாரங்கள் நாம் சிம்பைத் தொடவில்லை. பயனற்ற விளையாட்டே நம்மைக் கெடுத்தது என்று முதலில் எண்ணினோம். மாணவர்க்கு நாம் சொல்லிவந்த முதல் விடையே சரி என்று முடிவுகட்டினோம். ஆயின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்ற விதி நினைவுக்கு வந்தது. அதன்படி எண்ணிப் பார்த்தோம். அன்று மாலை நம்மைத் தடுத்தது தாள் போர்த்தும் வேலையாக இல்லாமல், அரசுத் தேர்வுக்குரிய விடைத்தாள் திருத்தும் பணியாக இருந்திருந்தால் எப்படி? மற்றெல்லாம் அப்படியே: அதே அழைப்பு, அதே இரண்டு நாள், அதே முடிவு. அப்போது நம்மை யாரும் குறைசொல்லியிரார். "வேலை இருந்தது, என்ன செய்வது" என்று நாமே நம்மை மன்னித்திருப்போம். நம் பணிக்காலத்தில் அங்ஙனம் மன்னித்துக்கொண்ட நாள்கள் இல்லாமலில்லை. ஆனால் காக்காவுக்கு நேர்ந்த இழப்பு இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் குற்றம் வேலையின் பயனின்மையில் இல்லை. பயனுள்ள வேலைகள் நம் புறக்கணிப்புக்கு ஒரு போர்வை தருகின்றன. பயனற்றவை அந்தப் போர்வையைத் தருவதில்லை. வேறுபாடு அவ்வளவே. வருவாய்க்காக உறவை மறந்தவரை உழைப்பாளி என்று ஊர் புகழ்கிறது. விளையாட்டுக்காக மறந்தவரை இகழ்கிறது. மறக்கப்பட்டவருக்கோ இவ்வேறுபாடு தெரியாது.

இதனைச் சொல்லி நம்மை விடுவித்துக்கொள்ள நாம் முயலவில்லை. மாறாக, நம் குற்றம் சற்றுக் கூடுதலே. விடைத்தாளுக்கு நாள் குறிப்பவர் பிறர். சிறகுக்கு நாள் குறித்தவர் நாமே. அந்தத் தாளின் விலை சில ரூபாய். முறுகியிருந்தால் கிழித்தெறிந்து வேறொன்று ஒட்டியிருக்கலாம். உலகில் எவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. எப்போது வேண்டுமாயினும் கீழே வைத்துவிடக்கூடிய வேலை என்பதே அதன் தனிச்சிறப்பு. அச்சிறப்பையே நாம் பயன்படுத்தத் தவறினோம். மறுநாள் வைகறையில் கண்ட ஐம்பத்திரண்டு நொடி மகிழ்ச்சி பொய்யென்று இன்றும் சொல்லமாட்டோம். அது மெய்யான மகிழ்ச்சி. மெய்யான மகிழ்ச்சியும் தவறான நேரத்தில் அடையப்படலாம் என்பதே நமக்குக் கிடைத்த பாடம்.

ஈடுபாடின்றிச் செய்யும் எதுவும் செம்மையாகாது. ஈடுபட்டாலோ அருகிலுள்ளவர் மறைந்துபோகின்றனர். இச்சிக்கல் மாதிரி விமானம் செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. நூல் எழுதுவோர், இசை பயில்வோர், பொதுத்தொண்டில் மூழ்குவோர் எல்லார்க்கும் உரியது. மேலும், மறைந்துபோகிறவர் எப்போதும் அருகிலுள்ளவரே என்பதுமில்லை. 2020-ஆம் ஆண்டையொட்டிக் காற்றாலைகளின் இறகுகளுக்குப் பால்சா பெருமளவில் தேவைப்பட்டபோது, எக்குவடோரின் அமேசான் காட்டுப் பகுதிகளில் பழங்குடியினரின் நிலங்களுக்குள்ளும் புகுந்து மரம் வெட்டினர். காற்றாலையோ உலகுக்குப் பயன்படுவது. ஆயினும் அப்பயன் அம்மக்களுக்கு ஆறுதலாகாது. நம் மேசைமேல் கிடந்த பலகை எங்கே வெட்டப்பட்டது என்று சொல்லும் குறி எதுவும் அதன்மேல் இல்லை. நாமும் அதுவரை கேட்டதில்லை.

திரி

கட்டுப்பாடற்ற பறப்பில் ஒரு விந்தையான இடர் உண்டு. விமானம் செம்மையாக அமைய அமைய, அதனை இழக்கும் வாய்ப்பும் கூடும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெங்காற்றில் அது சிக்கினால், பருந்து போலச் சுழன்று சுழன்று மேலேறும்; கண்ணுக்கெட்டாமற் போய்விடும். நம் நான்காவது விமானம், அந்த மாலையில் தாள் போர்த்திய அதே சிறகோடு, ஒன்பதாம் மாதத்தில் அங்ஙனமே போயிற்று. உப்பளத்துக்கு மேல் இரு பருந்துகள் வட்டமிட்ட இடத்தை நோக்கிச் சென்றது. கால்மணி நேரம் அண்ணாந்து பார்த்து நின்றோம்; பின்னர் புள்ளியும் தெரியவில்லை.

இதற்கு இத்துறையினர் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே ஒரு வழி கண்டுள்ளனர். வெடியுப்பில் நனைத்து உலர்த்திய பருத்தித் திரி ஒன்றை விமானத்தின் பின்புறத்தில் வைப்பர். அது எரிந்து முடியுமிடத்தில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கும். திரி அதனைச் சுட்டறுத்ததும் வால் மேல்நோக்கி விரியும். மிதந்துகொண்டிருந்த விமானம் அப்போது மிதத்தலை விட்டு, மட்டமாகவே மெல்லக் கீழே இறங்கும். எரிந்த மிச்சம் தரையில் வீழ்ந்து தீப்பற்றாதபடி ஒரு சிறு குழாயும் வைப்பர். இன்று திரிக்கு மாற்றாகச் சிறு கடிகாரப் பொறிகளும் வந்துவிட்டன. எதுவாயினும், இறங்க வேண்டிய நேரத்தை விமானம் கையைவிட்டுப் போகுமுன்பே குறித்துவிட வேண்டும். போன பின் குறிக்க இயலாது. போட்டிகளில் மூன்று நிமிடம் என்பது நெடுங்காலம் வழங்கிய அளவு. அதற்குமேல் பறந்தாலும் மதிப்பெண் இல்லை. ஆகவே எவ்வளவு நேரம் போதும் என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

நாம் திரி வைக்கவில்லை. அவ்வளவு நேரம் நம் விமானம் பறக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. நம் மனமும் சிம்பிலும் பசையிலும் அவ்வளவு தூரம் போய்விடும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது நம்மால் கூறக்கூடிய விடை இது. பயன் கருதாத உழைப்பு குற்றமன்று. அதில் மெய்யறிவு உண்டு, மகிழ்ச்சியும் உண்டு, தன் பிழையைத் தானே காணும் பயிற்சியும் உண்டு. ஆயின் அதனைக் கீழே வைக்கும் நேரத்தைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளாதவர் அதனைத் தொடாதிருத்தல் நன்று. மூழ்கிய பின் தீர்மானிக்கலாம் என்று இருப்போர்க்கு, மூழ்கிய பின் தீர்மானிக்கும் அறிவு இராது, நமக்கு இருக்கவில்லை. இவ்விதி பயனுள்ள உழைப்புக்கும் பொருந்தும். அங்கே அதனை நினைவூட்டுவார் இல்லை என்பதால் அங்கே இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

நாம் மீண்டும் சிம்பு கீறத் தொடங்கியுள்ளோம். யாரேனும் அழைத்தால் கையிலுள்ளதை அப்படியே வைத்துவிட்டு எழுவது என்று உறுதிகொண்டுள்ளோம். இதுவரை இருமுறை அவ்வாறு எழுந்தோம். ஒருமுறை வந்தது வெற்று அழைப்பே. பக்கத்து வீட்டார் ஏணி கேட்டார். ஏணியைக் கொடுத்து, அவருடன் சிறிது பேசிவிட்டுத் திரும்புமுன் ஏழாவது விமானத்தின் இடச்சிறகு நன்றாக முறுகியிருந்தது. அது மேசைக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. அதற்கு வேறு தாள் ஒட்ட வேண்டும்.